வீட்டுக்கு வந்த பூ ஏன் வாடுகிறது?

கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று எனக்கு இரண்டு இடத்திலிருந்து பூ வந்தது. அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து ஆர்டர் போட்டு அனுப்பிய பன்னிரண்டு சிவப்பு ரோஜா ஒன்று. கண்ணாடித் தாள், ரிப்பன், வாழ்த்து அட்டை எல்லாம் வைத்து ஜோராக வந்திருந்தது. இன்னொன்று, எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கும் அக்கா கொண்டுவந்தது. வாழை இலையில் பொதிந்த இரண்டு முழம் குண்டுமல்லி, கூடவே அவர் வீட்டு வாசலில் பூத்த வாடாமல்லி நாலைந்து காம்பு. காசு எடுக்கப் போனால், "அதெல்லாம் வேண்டாம் டீச்சர், கட்டு பிரிச்சதும் முதல்ல பூவைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் கட்டுப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து மல்லியைப் பார்த்தால், ஓரமெல்லாம் பழுப்பேறித் துவண்டு கிடக்கிறது. ராத்திரி முழுக்க அறையே மணந்தது. ஆனால் அது பூத்து நின்றதை நான் பார்க்கவே இல்லை.

ரோஜாவையாவது காப்பாற்றுவோம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தண்ணீரில் ஆஸ்பிரின் போடு, காசு போடு, சர்க்கரை போடு. "பறிச்சாச்சுன்னா அது செத்த பூதானே, எதைப் போட்டு என்ன?" என்றும் ஒரு குரல். முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவள் நான். அல்லிவட்டம், புல்லிவட்டம் படம் போட்டுப் பாகம் குறிக்கச் சொல்லி மார்க் போட்டிருக்கிறேனே தவிர, பூ ஏன் வாடுகிறது என்று ஒரு வகுப்பு எடுத்ததில்லை. அந்தக் கடனை இங்கே தீர்க்கப் பார்க்கிறேன்.

பறித்த பூ செத்த பூ அல்ல

முதலில் இதைச் சரிசெய்துவிடலாம். மல்லியை மொட்டாகத்தான் பறிக்கிறார்கள், அதுவும் வெயில் ஏறும் முன். மதுரையில் அதிகாலையில் பறித்த மொட்டு மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு வந்து, பஸ் ஏறி, எங்கேயோ ஒரு ஊரில் சரமாகி, யாரோ ஒருவர் தலையில் சாயங்காலம் ஏழு மணிக்கு விரிகிறது. செடியை விட்டு வந்து பதினைந்து மணி நேரம் ஆகியிருக்கும். செத்தது எப்படிப் பூக்கும்?

இந்தச் சங்கதியை நம்பித் தொழிலே நடந்திருக்கிறது. சீனாவில் ஃபூச்சோ பக்கம் மல்லிகைத் தேநீர் செய்கிறவர்கள், பறித்த மொட்டைக் காத்திருந்து, ராத்திரி அது விரியும் நேரத்தில் தேயிலையோடு கலக்கிறார்கள். மணம் விரியும்போதுதான் வெளியே வருகிறது. பிரான்சின் கிராஸ் ஊரில், அந்தக் காலத்து வாசனைத் திரவியக்காரர்கள் கொழுப்பு தடவிய கண்ணாடித் தட்டுகளில் மல்லிகையைப் பரப்பி வைப்பார்கள். பறித்த பிறகும் பூ மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், கொழுப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அவர்கள் ரோஜாவுக்கு வேறு முறை வைத்திருந்தார்கள். பறித்த பிறகு ரோஜா அப்படி உழைக்காது.

உயிரோடு இருக்கிறது என்றால் சாப்பிட வேண்டும். பறித்த பூவின் நிலைமை, கட்டுச்சோற்றோடு ரயில் ஏறியவர் நிலைமைதான். கையில் இருக்கும் சர்க்கரையும் மாவுச்சத்தும் தீரும்வரை ஓட்டலாம், வழியில் வேறு கிடைக்காது. அந்தச் சர்க்கரையை ஆக்சிஜன் கொண்டு எரித்து ஆற்றல் எடுப்பதற்குப் பெயர் சுவாசித்தல். நமக்குள் நடப்பதும் அதேதான், பூவுக்கு மூக்கு இல்லை, அவ்வளவுதான்.

சுவாசித்தலின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, சில பூக்களில் மூன்று மடங்கு ஆகிறது. சித்திரை வெயிலில் பூக்கூடையைத் திறந்து வைத்தால், பூ தன் சோற்றை அள்ளி அள்ளித் தின்று தீர்க்கிறது. ஓசூரில் வளரும் ரோஜா, பிப்ரவரி 14-ஐக் குறிவைத்துக் கடல் தாண்டிப் போக முடிவது, அறுத்த கையோடு அதைக் குளிர் அறைக்குள் தள்ளிவிடுவதால்தான்.

சரி, இதுவரை வந்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள். பறித்த பூ உயிருள்ளது, கையிருப்பைத் தின்று வாழ்கிறது, சூடு ஏறினால் வேகமாகத் தின்கிறது.

வாடுவதில் இரண்டு வகை

'வாடிப்போச்சு' என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது உண்மையில் இரண்டு வெவ்வேறு காரியங்கள். ஒன்று தாகம். மற்றது மூப்பு. தாகத்தில் வாடியதைச் சில சமயம் மீட்கலாம். மூப்பில் வாடியதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், மீட்க முடியாது. பூ பராமரிப்பு பற்றி வாட்ஸ்அப்பில் வரும் யோசனைகளில் முக்கால்வாசிக் குழப்பம், இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

தாகம்: மோட்டாரில் ஏர் பிடித்த கதை

என் ரோஜாவில் நாலு, இரண்டாம் நாளே கழுத்து மடிந்து தொங்கின. இதழ் அழகாகத்தான் இருந்தது. குடுவையில் தண்ணீரும் இருந்தது. அப்புறம் ஏன்?

காம்புக்குள் தலைமுடியை விட மெல்லிய குழாய்கள் ஏராளமாக ஓடுகின்றன. வேர் எடுத்த தண்ணீரை மேலே கொண்டுபோகும் இந்தக் குழாய்த் தொகுதிக்கு சைலம் என்று பெயர். இங்கே பம்ப் எதுவும் இல்லை. இலையும் இதழும் ஆவியாக நீரை இழக்க இழக்க, அந்த இழுப்பில் கீழேயிருந்து தண்ணீர் ஏறுகிறது. ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுகிற மாதிரி. அதாவது குழாய்க்குள் தண்ணீர் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது.

கத்தரியால் வெட்டினால் என்ன ஆகும்? இழுபட்டு நின்ற தண்ணீர் சட்டென்று மேலே ஏறிக்கொள்ளும், வெட்டுவாயில் காற்று புகுந்துவிடும். கிணற்று மோட்டாரில் ஏர் பிடித்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது, தெரியும்தானே? அதேதான். பூக்காரர்கள் காம்பைத் தண்ணீருக்குள் வைத்து நுனியை வெட்டச் சொல்வது இதற்காக. அப்போது உள்ளே புகுவது காற்றாக இல்லாமல் தண்ணீராக இருக்கும். சரிவாக வெட்டினால், காம்பு குடுவையின் அடியில் ஒட்டி உட்கார்ந்து வாய் அடைபடாது.

அடுத்த எதிரி பாக்டீரியா. தண்ணீரில் முங்கிக் கிடக்கும் இலை ஒன்றிரண்டு நாளில் அழுகும். அதில் பெருகும் பாக்டீரியாவும் அது விடும் கொழகொழப்பும் குழாய் வாயை அடைத்துவிடும். குடுவைக்குள் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள், வழுக்கினால் அதுதான். நான் பார்த்தபோது வழுக்கியது. அழகுக்கென்று கண்ணாடித் தாளுக்குள் வைத்திருந்த அடியிலைகளை எடுக்காமல் அப்படியே சொருகியிருந்தார்கள். இலைகளைக் கிள்ளிப்போட்டு, குடுவையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காம்பை ஒரு அங்குலம் தண்ணீருக்குள் வைத்து வெட்டி, தலையோடு தாளில் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினேன். ஒரு மணி நேரத்தில் மூன்று ரோஜா தலை நிமிர்ந்தது. நாலாவது நிமிரவில்லை.

மல்லிக்கு இந்த வைத்தியம் எதுவும் செல்லாது. சரத்தில் இருக்கும் மொட்டுக்குக் காம்பே இல்லை, குடிக்க வாய் இல்லை. அதன்மேல் தெளிக்கிற தண்ணீர் உள்ளே போகாது. சுற்றியுள்ள காற்றை ஈரமாக வைத்து, இருக்கும் நீர் ஆவியாகப் போவதைக் குறைக்கிறது. வாழை நாரை நனைத்துக் கட்டுவதும், வாழை இலையில் பொதிவதும் அதற்குத்தான். பூக்கட்டும் அக்கா எந்தப் புத்தகமும் படித்து இதைச் செய்யவில்லை.

மூப்பு: கல்யாணப் பந்தல் கணக்கு

தாகத்தை முழுக்கத் தீர்த்தாலும் பூ ஒருநாள் வாடத்தான் போகிறது. செடியிலேயே விட்டுவைத்தாலும், வேரோடு, மழையோடு இருந்தாலும் வாடும். விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது.

பூ என்பது ஒரு கல்யாணப் பந்தல். வாசலில் வாழைமரம், சீரியல் செட்டு, சந்தனம், பன்னீர் எல்லாம் விருந்தாளி வருவதற்காக. தாவரத்துக்கு விருந்தாளி என்றால் தேனீ, வண்டு, அந்துப்பூச்சி. அவர்கள் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் பெண் உறுப்பின் நுனியான சூலகமுடிக்குக் கொண்டுசேர்ப்பதற்குப் பெயர் மகரந்தச் சேர்க்கை. அது நடந்துவிட்டால் முகூர்த்தம் முடிந்தது.

முகூர்த்தம் முடிந்த பிறகும் பந்தலை யாராவது மாதக்கணக்கில் வைத்திருப்பார்களா? வாடகை ஏறும், கரண்ட் பில் ஏறும். இதழும் அப்படித்தான். மெல்லிய தோல் வழியே ஓயாமல் நீரை இழக்கும், சர்க்கரையைத் தின்னும். சம்பாத்தியம் கிடையாது, பெரும்பாலான இதழ்களுக்கு இலை மாதிரி உணவு தயாரிக்கத் தெரியாது. அதனால் செடியே பந்தலைப் பிரிக்கிறது. இப்படி உள்ளிருந்தே, ஒழுங்கான வரிசையில், உயிரணுக்கள் (செல்கள்) தங்களைக் கலைத்துக்கொள்வதற்கு மூப்படைதல் என்று பெயர்.

'ஒழுங்கான வரிசையில்' என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். பந்தல்காரர் துணியைக் கிழித்தா எறிகிறார்? சுருட்டி, கம்பைக் கட்டி, குண்டு பல்பை அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகிறார். செடியும் இதழில் இருக்கும் புரதங்களை உடைத்து, நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அது காய்க்கும் விதைக்கும் உதவும். எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு உயிரணுக்களின் சவ்வு ஒழுகத் தொடங்குகிறது, நீர் கசிகிறது, இதழ் துவள்கிறது. தனித்தனி அறையில் இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து காற்றும் பட்டதும் நிறம் மாறுகிறது. வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பது போல. என் மல்லியின் ஓரத்தில் நான் பார்த்த பழுப்பு அதுதான்.

பந்தல் எத்தனை நாள் நிற்கும் என்பது விருந்தாளி எப்போது வருவார் என்பதைப் பொறுத்தது. செம்பருத்திக்கு ஒரு பகல். பவளமல்லிக்கு ஓர் இரவு, விடிந்தால் தரையில் கிடக்கும். மல்லியும் அந்திக்குமேல் பறக்கும் பூச்சிகளுக்காக மணத்தைக் கூட்டும் பூ, அதன் கணக்கும் இரவுக் கணக்குதான். மறுபக்கம், ஃபலனாப்ஸிஸ் என்ற ஆர்க்கிட் பூவைப் பூச்சி தொடாவிட்டால் இரண்டு மூன்று மாதம்கூட அப்படியே நிற்கும். காட்டில் அதன் விருந்தாளி அபூர்வமாகத்தான் வருவார், காத்திருந்தாக வேண்டும். அதே பூவில் மகரந்தச் சேர்க்கை நடந்துவிட்டால்? ஓரிரு நாளில் வாடிவிடும். மாதக்கணக்கில் அசையாமல் நின்றது, வேலை முடிந்த மறுநாள் சுருங்குகிறது. பூ வாடுவது வெறும் தேய்மானம் அல்ல என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

எல்லாச் செடியும் பந்தலைப் பிரித்துவிடுவதும் இல்லை. ரங்கூன் மல்லி அந்தியில் வெள்ளையாக விரியும், அடுத்தடுத்த நாளில் இளஞ்சிவப்பாகி, சிவப்பாகி, அப்படியே கொத்தில் நிற்கும். வேலை முடிந்த கடை, ஷட்டரை இறக்கினாலும் பெயர்ப்பலகையை எரிய விடுகிற மாதிரி.

ஆகவே: இதழ் செலவு பிடித்த பொருள், அதன் வேலை குறுகியது, வேலை முடிந்ததும் செடி அதை முறைப்படி கலைக்கிறது. நாம் 'அழகு நிலைக்கவில்லையே' என்று பெருமூச்சு விடும் இடத்தில் செடி கணக்கு முடித்துக்கொண்டிருக்கிறது.

பிரிக்கச் சொல்வது யார்?

பந்தலைப் பிரிக்க யாராவது குரல் கொடுக்க வேண்டுமே. பல பூக்களில் அந்தக் குரல் ஒரு வாயு. எத்திலீன் என்று பெயர். நிறமில்லாதது, தாவரம் தானே தனக்குள் தயாரித்துக்கொள்வது, மிகக் கொஞ்சமாக இருந்தாலே வேலை செய்வது. மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்தால் சீக்கிரம் பழுக்கிறதே, அந்த வாயு வெளியே போகாமல் உள்ளேயே சுற்றுவதால்தான். வாழைத்தாருக்குப் புகை போடுவதிலும் எத்திலீன் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதையில் பூவுக்கும் பங்கு உண்டு. மின்சாரம் வருமுன் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் தெருவிளக்கு நிலக்கரி வாயுவில் எரிந்தது. குழாய் கசிந்த இடத்தில் மரங்கள் காரணமில்லாமல் இலை உதிர்த்தன. 1901-இல் ரஷ்ய ஆய்வாளர் நெல்யுபோவ், பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளர வைப்பது அந்த வாயுவில் இருக்கும் எத்திலீன்தான் என்று காட்டினார். சிகாகோவில் கண்ணாடிக் கூடங்களில் வளர்த்த கார்னேஷன் பூக்கள் விரிந்தவை மூடிக்கொள்வதும் விரிய வேண்டியவை விரியாமல் நிற்பதுமாக இருந்தன. 1908-இல் குரோக்கர், நைட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து அதற்கும் எத்திலீனே காரணம் என்றார்கள். பழம் தானே அந்த வாயுவை விடுகிறது என்று இங்கிலாந்தில் கேன் என்ற ஆய்வாளர் நிரூபித்தது 1934-இல்.

வீட்டுக்கு வருவோம். பழக்கூடை பக்கத்தில் பூக்குடுவை வைக்காதீர்கள். பழுக்கும் வாழைப்பழமும் ஆப்பிளும் விடும் எத்திலீன், கார்னேஷன், ஆர்க்கிட் மாதிரிப் பூக்களுக்கு 'கலைந்து போ' என்ற கட்டளையாகிவிடும். அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழமும் பூவும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். திறந்த இடம், அரை மணி நேரம், பயமில்லை. மூடிய ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க என்றால்தான் யோசிக்க வேண்டும். எல்லாப் பூவும் இந்தக் குரலுக்குச் செவி சாய்ப்பதும் இல்லை. சாமந்தி அதைக் கண்டுகொள்வதே இல்லை. மாலைக்குச் சாமந்தி இவ்வளவு உழைப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஆஸ்பிரின், காசு, சர்க்கரை

இப்போது வீட்டில் சொன்ன யோசனைகளைப் பார்த்துவிடலாம், விறுவிறுவென்று.

சர்க்கரை பாதி உண்மை. காம்புள்ள பூவுக்கு அது கட்டுச்சோறு. ஆனால் பாக்டீரியாவுக்கும் அதே சோறுதான். கிருமியைத் தடுக்க எதுவும் இல்லாமல் வெறும் சர்க்கரை போட்டால், இரண்டு நாளில் குடுவை வழுக்கும். கடையில் பூங்கொத்தோடு தரும் சின்னப் பொட்டலத்தில் சர்க்கரை, கிருமித் தடுப்பு, லேசான அமிலம் மூன்றும் சேர்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆஸ்பிரின் தண்ணீரை லேசாகப் புளிப்பாக்கும். லேசான அமில நீர் காம்பில் கொஞ்சம் சுலபமாக ஏறும். அதற்கு மேல் அதிசயம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு சில சொட்டு அதைவிட மலிவு.

காசு? செம்பு கிருமியைக் கொல்லும் என்பது சரி. நம் ஒரு ரூபாய் இப்போது துருப்பிடிக்காத எஃகு. அதைப் போட்டால் காசு சுத்தமாகும், அவ்வளவுதான். வெள்ளிக்கு ஒரு தனிக் கதை உண்டு. வெள்ளி கலந்த ஒரு ரசாயனம் எத்திலீன் குரல் காதில் விழாமல் பூவின் காதை அடைத்துவிடும், கார்னேஷன் வியாபாரத்தில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்காகப் பாட்டியின் வெள்ளிக் கொலுசைக் குடுவைக்குள் போட்டுவிடாதீர்கள்.

வாடாத மல்லி

மூன்றாம் நாள் மல்லிச் சரத்தைத் துளசி மாடத்தில் போட்டேன். ரோஜா ஆறாம் நாள் உதிர்ந்தது. வாடாமல்லி மட்டும், தண்ணீர்கூட இல்லாத டம்ளரில், வந்த அன்று இருந்த அதே கத்தரிப்பூ நிறத்தில் நின்றது.

அது விதிவிலக்கு போலத் தெரியும். உண்மையில் நாம் அங்கே பூ என்று பார்ப்பது இதழே இல்லை. பூவுக்கு அடியில் இருக்கும் இலை வகை உறுப்பு ஒன்று உண்டு, பூவடிச் செதில் என்பார்கள். வாடாமல்லியின் உருண்டை முழுக்க அந்தச் செதில்கள்தான். செடியில் இருக்கும்போதே அவை காகிதம் போலக் காய்ந்தவை. இழக்க நீர் இல்லாததால் துவளவும் வழியில்லை. நிஜப் பூக்கள் செதில்களுக்கு நடுவே பொடிப்பொடியாக, வெளிர் நிறத்தில் எட்டிப் பார்க்கும். சத்தம் போடாமல் அவையும் வாடித்தான் போகின்றன. காகிதப்பூவிலும் இதே ஏற்பாடு.

தமிழில் பூவின் பருவத்துக்கு வரிசையாகச் சொல் இருப்பது பலருக்குத் தெரியும்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். வகுப்பில் ஒப்பிக்க வைக்கும்போது கடைசி இரண்டைப் பிள்ளைகள் எப்போதும் மறந்துவிடுவார்கள். வீ என்றால் உதிரும் பூ, செம்மல் என்றால் வாடிய பூ. நானும் அவற்றைப் பட்டியலை நிரப்ப வந்த சொற்களாகத்தான் நினைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத் தெருமுனைக்குப் போய் அக்கா பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கூடையில் இருந்த சரம் எல்லாம் இறுக்கமான மொட்டு. பேசிக்கொண்டே இருந்தோம். வெளிச்சம் குறையக் குறைய ஒவ்வொரு மொட்டின் நுனியும் மெல்லத் தளர்ந்தது. எது முதலில் பிரிந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, நிமிர்ந்து ஒரு ஆட்டோவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஏழெட்டு விரிந்திருக்கிறது. ஏழு மணி தாண்டியபோது கூடையே வெள்ளையாக இருந்தது. "இதையா பார்க்க வந்தீங்க?" என்று சிரித்தார். அன்றைக்குக் கொடுத்த பூவை நான் பார்க்கவில்லை என்று அப்போதுதான் சொன்னேன்.

ஒரு முழம் அளந்து வாழை இலையில் மடித்துக் கொடுத்தார். இந்த முறை காசு வாங்கிக்கொண்டார்.